குளத்தில் தண்ணீர் இருக்கிறது என்றேன்

அவளை முதன்முதலில் பார்த்த அன்றே ஒரு தவறு செய்தேன். கோவையில் எங்கள் சைக்கிள் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிற பேருந்து நிறுத்தத்தில், விடிந்தும் விடியாத நேரத்தில், அவள் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். கையில் மடக்குகிற வெள்ளைக் கோல். நடைபாதையின் விளிம்பு உடைந்து கிடந்தது. நான் பதறிப்போய், "பாத்து வா கண்ணு" என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் நம்மைவிடச் சின்னவர்கள் எல்லாருமே கண்ணுதான். காய்கறிக்காரம்மாவும் சொல்வார், பஸ் கண்டக்டரும் சொல்வார். ஆனால் பார்வையில்லாத ஒருத்தியிடம் ஒரே மூச்சில் 'பாத்து' என்றும் 'கண்ணு' என்றும் சொன்னது, வாயை விட்டுப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. கூசிப்போய் நின்றேன்.

அவள் குரல் வந்த பக்கம் திரும்பினாள். "நீங்க கேட்ட ரெண்டுமே எங்கிட்ட இல்லீங்களே. வேற ஏதாச்சும் கொண்டு வரட்டுங்களா?" என்றாள். பிறகு சத்தமாகச் சிரித்தாள். நானும் சிரித்தேன், பாதி வெட்கத்தோடு.

அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. வங்கியில் வேலை. பத்து வயதுவரை பார்வை இருந்தது. விழித்திரையில் வந்த நோய் இரண்டு வருடத்துக்குள் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டது. எனக்கு ஐம்பத்தொன்று. ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். குடுவைகளைக் கழுவி, அமிலங்களை அளந்து வைத்து, மாணவிகள் உடைத்ததைக் கூட்டி அள்ளுகிற வேலை. நாற்பத்தைந்து வயதுக்குப் பிறகு, முட்டி வலிக்கு நல்லது என்று மருத்துவர் சொன்னதால் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்து, முட்டியை மறந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டவள்.

எங்கள் குழுவில் ஒருவர் தானும் மனைவியும் ஓட்டுவதற்கென்று இரண்டு பேர் மிதிக்கிற இரட்டைச் சைக்கிள் ஒன்றை ஆசையாக வாங்கியிருந்தார். அந்த அம்மா ஒரே ஒரு நாள் ஏறினார். அதன் பிறகு அது அவர்கள் அடுக்கு மாடிக் குடியிருப்பின் கார் நிறுத்தத்தில் தூசி படிந்து கிடந்தது. இதை எப்படியோ கேள்விப்பட்டு அவளே அவருக்குப் போன் செய்திருக்கிறாள்: "பின் சீட்டு சும்மா கெடக்குதுன்னு சொன்னாங்க, நான் வரலாங்களா?"

முன்னால் உட்கார ஆள் வேண்டுமே. எல்லாரும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நான் காரணம் யோசிப்பதற்குள் எல்லாரும் என்னைப் பார்த்துவிட்டார்கள்.

இரட்டைச் சைக்கிளில் முன் மிதியும் பின் மிதியும் ஒரே சங்கிலியில் கட்டுண்டவை. முன்னால் இருப்பவள் நிறுத்தினால் பின்னால் இருப்பவளின் காலும் நிற்கும். பின்னால் இருப்பவள் அழுத்தினால் முன்னால் இருப்பவளின் காலைத் தள்ளிக்கொண்டு போகும். முதல் நாள் சிங்காநல்லூர் வரைக்கும் போய் வருவதற்குள் மூன்று முறை சாய்ந்தோம். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. "பள்ளம்" என்பேன், இருக்கையிலிருந்து லேசாக எழுந்துகொள்வாள். "வேகத்தடை" என்பேன், மிதிப்பதை விடுவாள். "இடது" என்றால் உடம்பை எனக்கு முன்பே சாய்ப்பாள். நான் பார்த்ததைச் சொல்ல, அவள் உடம்பு செய்தது. இடையில் யோசிக்க நேரமே இருக்காது.

வழியில் தெரிவதையும் சொல்லச் சொல்வாள். ஆரம்பத்தில் நான், "வானம் ரொம்ப அழகா இருக்குது கண்ணு" என்பேன்.

"அழகுன்னு சொல்லாதீங்க்கா. என்ன இருக்குதுன்னு சொல்லுங்க. அழகா இல்லியான்னு நான் பாத்துக்கறேன்."

அதிலிருந்து நான் உள்ளதைச் சொல்லப் பழகினேன். மேகம் எந்தப் பக்கம், எந்த நிறம். மாடியில் காய்கிற துணிகளில் எது விழப்போகிறது. எந்தக் கடைக்குப் புதுப் பெயின்ட், எது பூட்டிக் கிடக்கிறது. இப்படி வாய் ஓயாமல் சொல்லச் சொல்ல, தினமும் போகிற அவிநாசி ரோட்டை நானே அப்போதுதான் பார்த்தேன் என்று தோன்றும்.

பழனிக்குப் போகலாம் என்றது அவள்தான். தைப்பூசத்துக்கு ஒரு வாரம் இருந்தது. அவள் வீட்டில் வருடா வருடம் நடந்து போகிறவர்கள். எட்டு வயதிலும் ஒன்பது வயதிலும் அவளும் நடந்திருக்கிறாள். கண் போன பிறகு, ரோட்டில் வண்டி அதிகம், கூட்டத்தில் தொலைந்துபோவாய் என்று சொல்லிக் கூட்டிப்போகவில்லை. "ஒவ்வொரு வருசமும் பஞ்சாமிர்தம் மட்டும் வந்துருமுங்க்கா, டப்பாவுல" என்றாள்.

எனக்கு அது புது வழி. என் வீட்டார் அன்னூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். தை மாதத்தில் பச்சைத் துணி கட்டிக்கொண்டு சாரை சாரையாகப் போகிறவர்களை ரோட்டோரத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். அவர்கள் எந்த ஊர் வழியாகப் போகிறார்கள், எங்கே தூங்குகிறார்கள் என்றெல்லாம் யோசித்ததே இல்லை.

அவள் அம்மா ஒத்துக்கொள்ள நான்கு நாள் ஆனது. "ஏனுங்க, நடந்து போறதே பயம்னு இவள நாங்க ஊட்டுல உட்டுப்போட்டுப் போறோம். நீங்க சைக்கிள்ல கூட்டிட்டுப் போறேங்கறீங்க" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். மகள்தான் சொன்னாள்: "நடந்தா நான் தொலைஞ்சு போவேன்ம்மா. இதுல தொலையவே முடியாது. முன்னால இருக்கறவங்க தொலைஞ்சாத்தான் நானும் தொலைவேன்."

அதிகாலையில் புறப்பட்டோம். சூலூர் தாண்டியதும் பனி இறங்கியிருந்தது. முன் விளக்கு இரண்டு கஜத்துக்கு மேல் காட்டவில்லை. ரோட்டின் இடது ஓரத்தில் நடக்கிறவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஆளைப் பார்க்க முடியவில்லை. வண்டிகளுக்குத் தெரிவதற்காக அவர்கள் பைகளில் ஒட்டியிருந்த ஒளிரும் பட்டைகள் மட்டும் எங்கள் விளக்குப் பட்டு மினுங்கின.

"எத்தன பேருங்க்கா?" என்று பின்னாலிருந்து கேட்டாள். "செருப்பில்லாத காலா கேக்குது."

"ஆளே தெரியல கண்ணு. முதுகுல ஒட்டின பட்டை மட்டும் ஆடி ஆடிப் போகுது. ஒரு முப்பது இருக்கும். மனுசங்க ஊட்டுலயே இருந்துட்டு, பட்டைய மட்டும் நடக்க அனுப்புன மாதிரி இருக்குது."

மிதி நாலைந்து சுற்றுச் சுற்றியது. பிறகு, "இது நல்லா இருந்துச்சு" என்றாள்.

யாரோ "அரோகரா" என்றார்கள், பனிக்குள்ளிருந்து. பல குரல்கள் சேர்ந்து பதில் சொல்லின. அந்தச் சத்தம் முன்னாலிருந்து வருகிறதா, பின்னாலிருந்தா என்று எனக்கே தெரியவில்லை. மிதித்துக்கொண்டிருந்தோம், ஆனால் நகர்வதாகத் தோன்றவில்லை. ரோடுதான் எங்களுக்குக் கீழே மெல்ல உருண்டுகொண்டிருந்தது.

வெளிச்சம் வந்தபோது பல்லடம் பக்கத்தில் இருந்தோம். விசைத்தறிக் கூடங்களின் சத்தம் இரண்டு பக்கமும். ஒரு கூடத்தின் சத்தம் தேயும்போது அடுத்தது தொடங்கியது. அவள் அந்தத் தாளத்துக்குச் சரியாக மிதித்தாள். நானும் வேறு வழியில்லாமல் அதே தாளத்தில் மிதித்தேன். கோழிப் பண்ணையின் வாடை வந்ததும், "இத நீங்க சொல்ல வேண்டாம்" என்றாள்.

ஒரு பந்தலில் மோர் கொடுத்தார்கள். பந்தலைக் கவனித்துக்கொண்டிருந்த அம்மா எங்கள் சைக்கிளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பார்த்தார். "இதென்னுங்க அம்மணி, வண்டி வளந்துட்டே போகுது!" என்று வியந்தார். பழனிக்கு என்று சொன்னதும் விபூதித் தட்டை எடுத்து வந்தார். அவளுக்குப் பூசினார். நான் சர்ச்சுக்குப் போகிறவள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் நெற்றியிலும் பூசி, கண்ணில் விழாமல் கையால் மறைத்து ஊதியும் விட்டார். அந்த ஊதலில் எனக்குச் சொல்ல வந்தது போய்விட்டது. மோரை வாங்கிக் குடித்தேன். கிளம்பியதும் பின்னாலிருந்து, "அக்கா, உங்களுக்கும் பூசுனாங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"உங்க சர்ச்சுல சொல்லிப்போடுவேன்." வெகுதூரம் வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

பல்லடத்திலிருந்து தாராபுரம் போகிற ரோட்டில் வெயில் ஏறியது. இரண்டு பக்கமும் மாடு மேய்கிற மேட்டு நிலங்கள், கிளுவை வேலிகள், தூரத்தில் காற்றாலைகள். நடக்கிறவர்கள் வெயிலுக்கு ஒதுங்கி, வேல மர நிழல்களில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்கள். ரோடு முழுக்க எங்களுக்கு. காற்று பின்னாலிருந்து தள்ளியது. காற்றாலைகளின் இறக்கைகளைப் பார்த்துக்கொண்டே மிதித்ததில், என் கால்கள்தான் அவற்றைச் சுற்றுகின்றன என்று சற்று நேரம் நம்பிக்கொண்டிருந்தேன். அரைத் தூக்கம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் கேட்டாள்.

"அக்கா, இடது பக்கம் ஒரு பிள்ளையார் கோயில், அரச மரம், அதையொட்டி ஒரு கொளம் வருமுங்க. வந்துருச்சுங்களா?"

அந்தக் குளத்தைப் பற்றி முன்பே சொல்லியிருந்தாள். எட்டு வயதில் நடந்தபோது அத்தை அவளை அதில் இறக்கிக் கை கால் கழுவிவிட்டாராம். தாமரை இலை மேல் தண்ணீரைத் தெளித்துக் காட்டினாராம். துளிகள் இலை மேல் ஒட்டாமல் உருண்டு, ஒன்றோடு ஒன்று சேர்ந்து, பெரிய துளியாகி நடுவில் நின்றதாம். "பாத்ததெல்லாம் கொஞ்சங் கொஞ்சமா அழிஞ்சு போச்சுங்க்கா. என்ற அம்மா மொகங்கூட இப்ப கலங்கலாத்தான் இருக்குது. இன்னும் அழியாம நாலஞ்சு இருக்குது. அதுல இது ஒண்ணு." ஆய்வகத்தில் கீழே சிந்திய பாதரசம் அப்படித்தான் உருளும். அவள் சொன்னபோது அது எனக்கு நன்றாகப் புரிந்தது.

பிள்ளையார் கோயில் வந்தது. அரச மரமும் இருந்தது. அடுத்து ஒரு கரை. கரைக்கு அந்தப் பக்கம் வெறும் தரை. வண்டல் மண்ணை வெட்டி எடுத்துப் போயிருந்தார்கள். வெட்டிய இடம் தட்டையாக, சாம்பல் நிறத்தில், வெடித்துக் கிடந்தது. மூலையில் சீமைக் கருவேல முள். தண்ணீர் என்று ஒரு சொட்டு இல்லை.

"வந்துருச்சு" என்றேன்.

"தண்ணி இருக்குதுங்களா?"

எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. நாலைந்தில் ஒன்று என்று அவள் சொன்னது காதில் கேட்டது. அதை நான் அழிப்பதா என்று நினைத்தேன். நினைத்ததெல்லாம் ஒரு நொடிதான்.

"தண்ணீர் இருக்குது" என்றேன். பேச்சு வழக்கில் தண்ணி என்று சொல்கிற எனக்கு, பொய் சொல்லும்போது மட்டும் புத்தகத் தமிழ் வந்தது.

"தாமரை?"

"இருக்குது. அந்தக் கோடியில."

"நிறுத்துங்க்கா. எறங்கிக் கை வெச்சுட்டுப் போலாம்."

"பின்னால லாரி வருது கண்ணு. வரும்போது பாக்கலாம்" என்று சொல்லி அழுத்தி மிதித்தேன். லாரி எதுவும் வரவில்லை. ஒரு பொய்க்கு இன்னொரு பொய் துணைக்கு வந்தது. வரும்போது இந்த வழியில் வரப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். பழனிக்கு நடந்து போகிறவர்கள் யாரும் நடந்து திரும்புவதில்லை, பஸ்ஸில்தான் திரும்புவார்கள். நாங்களும் ஏதாவது வண்டியில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு வருவதாகத்தான் ஏற்பாடு.

நான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு டீக்கடை. நடுத்தர வயதுப் பெண் ஒருத்தர் தனியாக நடத்துகிற கடை. டீயைக் கையில் வாங்கியதும் அவள் சந்தோஷமாகக் கடைக்கார அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"இந்த வருசம் நல்ல மழைங்களா? அந்தப் பிள்ளையார் கோயில் கொளத்துல தண்ணி நிக்குதாமே."

"எந்தக் கொளமுங்க அம்மணி?"

"அரச மரத்துக்கு அக்கட்டால. தாமரையெல்லாம் இருக்குதாமுங்க."

கடைக்கார அம்மா வடிகட்டியைத் தட்டிக்கொண்டே சிரித்தார். "அது தண்ணியப் பாத்து எத்தன வருசமாச்சு! இப்ப மண்ணு வெட்டித் தரையா கெடக்குது. நான் இந்த ஊருக்குக் கட்டிக் குடுத்து வந்து முப்பத்தஞ்சு வருசமுங்க. தண்ணி இருந்தப்பக்கூட அதுல தாமரை நான் பாத்ததில்ல. உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

அவள் டீ தம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. "யாரோ சொன்னாங்க" என்றாள்.

மறுபடி ஏறி உட்கார்ந்தோம். கோபம் வந்தால் மனிதர்கள் தள்ளிப் போவார்கள்; வேறு அறைக்குப் போவார்கள், ரோட்டின் அந்தப் பக்கம் நடப்பார்கள். எங்களுக்கு அது முடியாது. அவள் மூச்சு என் முதுகில் பட்டது. அவள் கோபம் மிதியில் வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் என் பாதத்தை அது முன்னால் தள்ளியது. எதிரே ஒரு பள்ளம் வந்தது. "பள்ளம்" என்றேன். அவள் எழவில்லை. சைக்கிள் தடால் என்று இறங்கி ஏறியது. அவளுக்கு நன்றாக இடித்திருக்கும்.

"பள்ளம்னு சொன்னேனே கண்ணு."

"சொன்னீங்க. இருக்குதோ இல்லியோன்னு பாத்தேன்."

நான் பிரேக்கைப் பிடித்து ஓரமாக நிறுத்தினேன். "தப்புத்தான். உன்ற மனசு கஷ்டப்படும்னு சொல்லிப்போட்டேன்" என்றேன்.

"மனசு கஷ்டப்பட்டா நான் பாத்துக்குவேன்ங்க்கா. அது என்ற சோலி. எங்கூட்ல எல்லாரும் இதேதான் செய்வாங்க. எனக்குப் புடிக்கும்னு சொல்லுவாங்க, எனக்கு நல்லதுன்னு சொல்லுவாங்க. வண்டியில வர்றப்ப மட்டுந்தான் ஒருத்தர் எங்கிட்ட உள்ளதச் சொல்றாங்கன்னு நெனச்சுட்டிருந்தேன்." குரல் உயரவில்லை. "ஆகாசம் சாம்பலா இருக்குதுன்னு சொன்னீங்க, பட்டை மட்டும் நடக்குதுன்னு சொன்னீங்க. இப்ப அதெல்லாம் நெசமான்னு நான் யாரக் கேக்கறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுவதை மறைக்கப் பார்த்தேன். மறைக்கிறேன் என்று தெரிந்ததும், அதுவும் ஒரு பொய் என்று பட்டது. "அழுகறேன்" என்று சொன்னேன்.

"கேக்குது" என்றாள்.

கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பிறகு அவள், "திருப்புங்க. அங்க போலாம்" என்றாள்.

"அங்க ஒண்ணும் இல்ல கண்ணு."

"அந்த ஒண்ணுமில்லாததப் பாக்கணும்."

சைக்கிளைத் திருப்பினேன். எதிர்க்காற்று. வெயில் தாழ்ந்திருந்ததால் படுத்திருந்தவர்கள் எழுந்து நடக்கத் தொடங்கியிருந்தார்கள். அத்தனை பேரும் எங்களுக்கு எதிரே வந்தார்கள். பச்சை வேட்டிகள், பச்சைச் சேலைகள், தோளில் காவடிகள், வெயிலில் கறுத்த முகங்கள். பழனியிலிருந்து திரும்பி வருகிறோம் என்று நினைத்து ஒருவர் கையைக் கூப்பினார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் வரிசையாகக் கூப்பினார்கள். நாங்கள் இன்னும் போகவே இல்லை என்று எத்தனை பேரிடம் சொல்வது? "எல்லாரும் நம்மளக் கும்பிடறாங்க கண்ணு. நாம ஏற்கெனவே போயிட்டு வந்துட்டோம்னு நெனைக்கறாங்க" என்றேன்.

மிதி லேசாகிவிட்டதைக் கவனித்தேன்.

கரையிலிருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு குளத்துக்குள் இறங்கினாள். குனிந்து தரையைத் தொட்டாள். வெடிப்புக்குள் விரலை விட்டு எவ்வளவு ஆழம் என்று பார்த்தாள். ஒரு மண்கட்டியைப் பெயர்த்து எடுத்து மோந்தாள்.

"தாமரையே இருந்ததில்லைன்னு அந்தம்மா சொன்னாங்கல்லங்க்கா?"

"ஆமா."

"அப்ப நான் பாத்தது எந்தக் கொளம்? வேற ஊரா இருக்குமோ? இல்ல, யாராவது காட்டுன படமோ என்னமோ." மண்கட்டியை உள்ளங்கையில் உருட்டினாள். நான் ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று நினைத்து, வாயை மூடிக்கொண்டேன். அவளாகவே, "சரி, இருந்துட்டுப் போகுது" என்றாள். மண்கட்டியைக் கீழே போட்டுக் கையைத் தட்டினாள்.

பிறகு கேட்டாள்: "இங்க எவ்வளவு தூரத்துக்கு ஒண்ணுமில்ல?"

அளவாகப் பார்த்துச் சொன்னேன். "நேரா ஒரு இருநூறு அடிக்கு மட்டமான தரை. கல்லு இல்ல, குழி இல்ல. வெடிப்பு இருக்குது, ஆனா கால் மாட்டாது. அதுக்கு அப்புறம் முள்ளு."

"ஒரு மரங்கூட இல்லியா?"

"ஒண்ணுகூட இல்ல."

அவள் கோலை மடக்கி என் கையில் கொடுத்தாள். செருப்பைக் கழற்றினாள். "முள்ளுக்கு முன்னால கத்துங்க" என்று சொல்லிவிட்டு ஓட ஆரம்பித்தாள்.

முதல் பத்தடி கைகளை முன்னால் நீட்டி, குதிகால் தரையைத் தேட, தயங்கித் தயங்கி. பிறகு கைகள் இறங்கின. பிறகு எட்டு எடுத்து வைத்து, தலையை நிமிர்த்தி, ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்ததில்லை. நடக்கும்போதுகூட எதிரே ஏதோ இருக்கிறது என்பது போலத் தோளைச் சற்றுக் குறுக்கித்தான் நடப்பாள். அந்தக் குறுகல் போய்விட்டது. பின்னால் மெலிதாகப் புழுதி எழுந்தது. சாய்ந்த வெயில் அந்தப் புழுதியில் விழுந்தபோது, ஒரு நொடி, குளத்தில் தண்ணீர் நிற்பது போலவும் அவள் அதன் மேல் போய்க்கொண்டிருப்பது போலவும் எனக்குத் தெரிந்தது.

"நில்லு!" என்று கத்தினேன். அவள் நிற்கவில்லை. "நில்லு கண்ணு, முள்ளு!" இன்னும் இரண்டு மூன்று எட்டு ஓடிவிட்டுத்தான் நின்றாள். முள்ளுக்கும் அவளுக்கும் இடையே பத்தடி இருந்தது. நான் மூச்சிரைக்க ஓடிப்போனேன்.

"கேக்கலியா?"

"கேட்டுச்சுங்க்கா. நீங்க எப்பவும் சித்த முன்னாலயே கத்துவீங்க. அதுக்குத் தகுந்தாப்பல நின்னேன்." வியர்வை வழிய, வாய் நிறையச் சிரிப்போடு சொன்னாள். "இன்னொருக்கா ஓடட்டுமா? இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம்?"

நான்கு முறை ஓடினாள். கரையின் மேல் போய்க்கொண்டிருந்த காவடிக்காரர்கள் இருவர் காவடியை இறக்கி வைத்துவிட்டு நின்று பார்த்தார்கள். எதற்கு என்று கேட்கவில்லை. இதுவும் ஒரு வேண்டுதல் என்று நினைத்திருக்கலாம்.

அன்று பொழுதோடு தாராபுரம் போய்ச் சேர்ந்தோம். லாட்ஜில் இட்லி சாப்பிட்டதும் படுத்துவிட்டோம். மறுநாள் காலை அமராவதிப் பாலத்தில், ஆற்றில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். "நடுவுல மணல். ரெண்டு ஓரமும் கணுக்கால் அளவு தண்ணி ஓடுது. ஒருத்தர் எருமையக் கழுவறார். கரையில பிளாஸ்டிக் பை நெறைய" என்றேன். நிறுத்தட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், வெயிலுக்கு முன்ன போயிரலாம்" என்றாள்.

மலை தெரிந்ததும் சொன்னேன். எங்களைச் சுற்றி நடந்துகொண்டிருந்தவர்களும் அப்போதுதான் பார்த்தார்கள், ஒரே சத்தம். "எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். "நேரா. கொஞ்சம் வலது. சின்னதா, வெள்ளையா, பாதி புகைக்குள்ள" என்றேன். திரும்பிப் பார்த்தேன். முகத்தைச் சரியாக அந்தப் பக்கம் வைத்திருந்தாள்.

அடிவாரத்தில் கூட்டம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதே பெரும்பாடு. அதை விட்டுவிட்டு நான் மேலே ஏற முடியாது. ஏற வேண்டும் என்றும் எனக்கு இல்லை. சென்னிமலைப் பக்கத்திலிருந்து வந்த பெண்கள் சிலர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "எங்க ஊர்லயே மலையும் இருக்குது, முருகனும் இருக்குது. இருந்தாலும் இங்கயும் ஒரு எட்டு வந்துட்டுப் போகலீன்னா மனசு கேக்காதுங்க" என்று ஒருவர் பேச்சை ஆரம்பித்தார். ஐந்து நிமிடத்தில் அவள் அவர்களில் ஒருத்தி ஆகிவிட்டாள். "வா அம்மணி, நாங்க கூட்டிட்டுப் போயிட்டு வாரோம்" என்று கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

நான் சைக்கிளை ஒரு சுவரில் சாய்த்து, அதில் நான் சாய்ந்து உட்கார்ந்தேன். தூங்கிவிட்டேன். தூக்கத்திலும் ரோடு ஓடியது. பள்ளம், வேகத்தடை, இடது, வலது என்று சொல்லிக்கொண்டே போனேன்.

யாரோ தோளைத் தொட, விழித்தேன். சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு ஒருத்தி நின்றாள். யார் என்று புரியவே சற்று நேரம் பிடித்தது.

"கண்ணு! என்ன பண்ணிப்போட்ட?"

"அவுங்கெல்லாம் வரிசையா உக்காந்தாங்க. நானும் உக்காந்துட்டேன்" என்றாள். "வேண்டுதல் ஒண்ணும் இல்லீங்க்கா. தலையில காத்து படட்டும்னு தோணுச்சு. மேல போனா என்ன காத்துங்கறீங்க!"

பல்லடம் வழியாகக் கோவைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு குட்டியானைச் சரக்கு வண்டியில் இடம் கிடைத்தது. பின்பக்கம் காலிச் சாக்குகள். சைக்கிளைப் படுக்கப் போட்டு, அதற்கு இரண்டு பக்கமும் நாங்கள் படுத்துக்கொண்டோம். இரண்டு நாள் மிதித்து வந்த தூரம் பின்னோக்கி ஓடியது. நான் எதையும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டே நான் மறுபடி தூங்கினேன்.

பொழுது சாயும் நேரத்தில் அவள் வீட்டு வாசலில் இறங்கினோம். அம்மா கதவைத் திறந்தார். மகளின் தலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் மெல்லக் கையை எடுத்து அந்தத் தலை மேல் வைத்து, முன்னும் பின்னும் ஒரு முறை தடவினார். "வெயில்ல இப்பிடியேவா வந்த?" என்று மட்டும் கேட்டார். பிறகு என்னிடம், "தண்ணி காய வெச்சிருக்கேன். ரெண்டு பேரும் மொதல்ல தண்ணி வாத்துக்குங்க" என்றார்.

சுடுதண்ணீரில் குளித்து, ரசம் சாதம் சாப்பிட்டு, கூடத்தில் பாய் போட்டுச் சற்றுக் கண்ணயர்ந்தோம். என் வீட்டுக்காரர் வந்து என்னைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். எழுந்தபோது அவள் அம்மா எங்கள் கால்மாட்டில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, ரெண்டு பேரும் தூக்கத்துல காலை ஆட்டிட்டே இருக்கறீங்க. நீங்க நிறுத்துனா அவளும் நிறுத்தறா. நீங்க ஆரம்பிச்சா அவளும் ஆரம்பிக்கறா" என்றார்.

அவள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா போர்வையை இழுத்து அவள் பாதங்களை மூடினார்.